நான்கிலிருந்து இருபத்தைந்துக்கு

எல் ஆல்ட்டோவின் விளிம்பில்
காசியானோ அப்பாசாவின் மொட்டைமாடி.
வாடகை நாற்பது பொலிவியானோ, விடியும்வரை.
காற்றுக்கு ஆடாமலிருக்க
ட்ரைபாடின் நடுக்கொக்கியில்
அவர் வீட்டு உருளைக்கிழங்கு மூட்டை தொங்குகிறது.
கீழே, கிண்ணத்துக்குள் கொட்டியதுபோல் லா பாஸ்.
மஞ்சள் கேபிள் கார்கள்
ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் இறங்குகின்றன.

மணி ஐந்து. வெளிச்சம் தாராளம்.
நான்கு வினாடிக்கு ஒரு படம்.
ஷட்டர் திறந்திருப்பதோ
ஒரு வினாடியை இருநூற்றைம்பதாக நறுக்கி
அதில் ஒரு துண்டு.
மிச்ச நேரமெல்லாம் காமிரா குருடு.
யோசித்தால் வேடிக்கை,
பட்டப்பகலில்தான் அது
ஏறக்குறைய எதையுமே பார்ப்பதில்லை.

சட்டகத்தின் இடது ஓரத்தில்
காசியானோ தண்ணீர்த் தொட்டிக்கு வாஷர் மாற்றுகிறார்.
"சொய்லா, நான் விழுவேனா இதில்?"
விழுவீர்கள், சட்டைப் பொத்தான் உட்பட.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
மறுபடி குனிந்தார்.

ஆறரைக்கு இல்லிமானியின் பனி சிவந்தது,
பிறகு சாம்பல்.
இனிதான் வேலை.
கால் வினாடி. அரை. ஒன்று. இரண்டு.
திறப்பு நீள நீள
நான்கு வினாடி என்கிற சட்டை
தோள்பட்டையில் இறுகத் தொடங்குகிறது.
மூன்றைத் தாண்டினால்
மெமரி கார்டு ஒன்றை எழுதி முடிக்குமுன்
அடுத்ததன் முறை வந்துவிடும்.
காமிரா ஒரு படத்தை விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கும்.

முதல் வருடம் ஒரேயடியாகத் தாவினேன்,
நான்கிலிருந்து இருபத்தைந்துக்கு.
ஓட்டிப் பார்த்தால்
அதுவரை மேய்ந்துகொண்டிருந்த மேகங்கள்
நாய் துரத்தினாற்போலப் பிய்த்துக்கொண்டு ஓடின.
காசு தரவில்லை அவர்கள்.

இப்போது திருட்டுக் கையால் நீட்டுகிறேன்.
ஐந்து. எட்டுப் படம் பொறு.
ஆறு. பொறு.
ஏழு.
கையுறையில் ஆட்காட்டி விரலை மட்டும்
வெட்டி எறிந்திருக்கிறேன்,
அந்த ஒரு விரலில்தான் மொத்தக் குளிரும்.
கீழே ஒரு தெரு விளக்கேற்றுகிறது,
அடுத்த தெரு யோசிக்கிறது.
பதினொன்று. பொறு.
இருட்டுவதை யாரும் பார்த்ததில்லை,
இருட்டிவிட்டதைத்தான் பார்க்கிறோம்.
பதினாறு.

எட்டேகாலுக்கு இருபத்தைந்தைத் தொட்டேன்.
இருபது வினாடி திறப்பு, ஐந்து வினாடி மூடல்.
நட்சத்திரமும் வேண்டுமாம் சாந்தா குரூஸ் தயாரிப்பாளருக்கு.

"இப்போதும் விழுகிறேனா?"
நடந்தால் விழமாட்டீர்கள், புகையாகிவிடுவீர்கள்.
இருபது வினாடி அசையாமல் நின்றால் உண்டு.
"இருபது வினாடியா!
நான் மினிபஸ் ஓட்டுகிறவன், அம்மா."

ஒன்பதரைக்கு
கீழே நிலையத்திலிருந்து இகீகே பஸ் கிளம்பும்.
அதில் அவர் மகள் யோவானா,
அங்கே மீன் பதனிடும் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது.
நெடுஞ்சாலை முழுக்க
வெள்ளை விளக்குகள் மேலேறி வருகின்றன.
எந்த விளக்கு அவள்?
சுவரோரம் போய் நின்றார்.
ஷட்டர் திறந்தது.

நான் எண்ணினேன், வழக்கத்தால்.
ஏழு, எட்டு.
தோள்கூட ஏறி இறங்கவில்லை.
பதினேழு.
மூச்சை எங்கே வைத்திருந்தாரோ.
இருபது.

ஷட்டர் மூடிய பிறகுதான்
கையை உயர்த்தி ஆட்டினார்,
ஏதோ ஒரு விளக்கைப் பார்த்து,
அந்த ஐந்து வினாடிக்குள்.
அடுத்த படம் திறக்கும்போது
படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும்.

திரையில் பார்த்தேன்.
முதுகு, தொப்பி விளிம்பு, கத்திபோல் துல்லியம்.
அவரைத் தாண்டி பஸ்கள் எல்லாம்
ஒரே வெள்ளைக் கோடு.
ஓடும்போது ஒரு வினாடியில்
இருபத்தைந்தில் ஒரு பங்கு நிற்பார்.
கறுப்பாக ஏதோ மினுக்குகிறது, எடுத்துவிடு
என்பார் தயாரிப்பாளர்.
எடுக்கலாம். இரண்டு நிமிட வேலை.
எந்தப் படம் என்று தெரியவில்லை என்பேன்.

நான்கு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.
விடியுமுன் எல்லாவற்றையும் திரும்பச் சுருக்கவேண்டும்,
இருபத்து நான்கு, பொறு, இருபத்து மூன்று.
காலையில் அவருக்கு
அந்த உருளைக்கிழங்கு வேண்டும்.